புஷ்பவல்லி அக்கா போட்ட படம்

புஷ்பவல்லி அக்காவின் காதுக்கு ஒரு விஷயம் போனால், அது பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட்டுகள் முழுக்கப் பரவ ஒரு மதியம் போதும் என்று அவருடைய கணவர் கிட்டுசாமியே சொல்வார். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமாங், எனக்கு வயித்துல ஒண்ணும் தங்காது. தங்குச்சுன்னா அஜீரணம் ஆயிருதுங்," என்பார்.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சு அவரிடம் மாறவில்லை. கிட்டுசாமிக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. மகன் படித்து முடித்து டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல் அக்கா பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியில் சாப்பாட்டுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். பால் டப்பாவைத் திறந்து கொடுப்பது, ஆரஞ்சு உரிக்கத் தெரியாத பிள்ளைக்கு உரித்துக் கொடுப்பது, யார் யாரை முதலில் தள்ளினார்கள் என்று விசாரிப்பது, சிந்தியதைத் துடைப்பது. சம்பளம் பெரிதில்லை. ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் நிற்கிற தோரணை, கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிக்கிற பெண்வீட்டுக்காரரின் தோரணை.

நாலைந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அண்ணன் வீட்டு சோபாவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். அதே பள்ளியில் எனக்குத் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. என்னிடம் கார் இல்லாததால் அக்காதான் தினமும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். நான் இங்கே எழுதுவதில் பாதி அவர் கார் ஓட்டிக்கொண்டே சொன்னது. மீதி நான் கூடவே இருந்து பார்த்தது.

எங்கள் பள்ளியும் ஊரில் உள்ள ஒரு சின்ன வங்கியும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சேமிப்புக் கணக்கு. முதல் தொகையை வங்கியே போட்டுத் தொடங்கிவைக்கும். வியாழக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டெனிஸ் என்ற வங்கிப் பெண் ஊழியர் நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவார். பிள்ளைகள் நீலத் துணிப்பையில் சில்லறையோ ஒற்றை டாலரோ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை கணக்கை மூடாமல் வைத்திருந்தால், பிள்ளை சேர்த்த அளவுக்கு வங்கியும் போடும். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும்.

பிள்ளைகளிடம் அதற்கு 'சேவர்ஸ் கிளப்' என்று பெயர். எந்த வீட்டுக்கு என்ன வருமானம் என்று பள்ளியில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஆனால் நம்மவர்கள் இருக்கிற ஊரில் அது எத்தனை நாள் நிற்கும்? மாளவிகா என்று ஒரு அம்மா. கணவன், மனைவி இருவருக்கும் பெரிய வேலை. தன் மகன் ஆர்யனுக்கு மட்டும் ஏன் அந்தக் கிளப்பில் இடமில்லை, இது பாரபட்சம் இல்லையா என்று முதல்வரிடமே போய்ச் சண்டை போட்டார். முதல்வர் வேறு வழியில்லாமல், அது வருமானத்தைப் பொறுத்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன் பிறகு நீலப் பை என்றால் என்ன பொருள் என்று ஊரில் எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்துவிட்டது.

டெனிஸுக்கு உதவியாக மேசையில் உட்கார முதல்வர் தேர்ந்தெடுத்தது புஷ்பவல்லி அக்காவை. தமிழ் பேசுகிற, தெலுங்கு பேசுகிற தாய்மார்கள் அவரிடம் தயங்காமல் பேசுவார்கள் என்பதுதான் காரணம். அக்கா வயிற்றில் எதுவும் தங்காதவர் என்று முதல்வருக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அக்கா தன்னைக் கட்டிப்போட்டார். காரில்கூட எந்தப் பிள்ளையின் பெயரும் சொல்ல மாட்டார். நான் கிண்டினால், "அது மட்டும் கேக்காதடி கண்ணு, புள்ளைங்க சமாச்சாரம்," என்று வேறு எங்காவது போய்விடுவார்.

ஓவியாவை மட்டும் நானே கவனித்திருந்தேன். நான்காம் வகுப்பு. மெலிந்த பெண். மற்றப் பிள்ளைகள் பையைக் கொட்டிவிட்டு விளையாட ஓடுவார்கள். இவள் நின்று, டெனிஸ் எழுதித் தருகிற சீட்டில் தன் பெயரையும் அதற்குக் கீழே உள்ள தொகையையும் வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். எதற்காகச் சேர்க்கிறாய் என்று டெனிஸ் ஒருமுறை கேட்டபோது தோளைக் குலுக்கினாள். "இட்ஸ் ஜஸ்ட் மைன்," என்றாள்.

அவள் அம்மா கயல்விழி. அப்பா சபரிநாதன் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் இருந்தவர். ஆள் குறைப்பில் வேலை போய் ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஊருக்கு அவர் "பென்சில்வேனியாவில் ஒரு பிராஜெக்டில்" இருந்தார். உண்மையில் டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கிடங்கில் ஷிப்டுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வந்த அன்று அக்காவிடம் கயல் அழுதாராம். "வெளில தெரிஞ்சுதுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்க்கா," என்றாராம். இதையும் அக்கா அப்போது என்னிடம் சொல்லவில்லை. எல்லாம் வெடித்த பிறகுதான் சொன்னார்.

மார்ச் மாதத்தில் வங்கி சில பிள்ளைகளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. ஒரு வாரமும் விடாமல் பணம் போட்டவர்களுக்கு. நாலைந்து பேரில் ஓவியாவும் ஒருத்தி. மற்றவர்கள் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா எதிரே வந்து நின்றாள்.

"அடேங்கப்பா! என் தங்கம்! வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட காட்டு. அம்மா என்ன பண்ணுவாங்க பாரு."

"ஷி வோன்ட் போஸ்ட் இட்."

"எங்க?"

"த குரூப், ஆன்ட்டி. ஆர்யன்ஸ் மாம் போஸ்ட்ஸ் எவ்ரிதிங். ஈவன் ஹிஸ் ஸ்விம்மிங். அம்மா நெவர் போஸ்ட்ஸ் மீ."

அந்த வாட்ஸ்அப் குழு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அதில் இருந்தன. அங்கே ஒரு பிள்ளை சதுரங்கத்தில் ஜெயித்தாலும், பரதத்தில் முதல் பாடம் முடித்தாலும், கணக்குப் போட்டியில் கலந்துகொண்டாலே போதும், படம் வந்துவிடும். பத்து நிமிடத்தில் கைதட்டல் வரிசை கட்டும். பதிலுக்கு நாளை அவர்கள் பிள்ளைக்கு நாம் தட்ட வேண்டும். மொய் எழுதுகிற மாதிரிதான் அது நடந்தது. அக்கா அதில் எல்லாருக்கும் விடாமல் கைதட்டுகிறவர். ஓவியாவின் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் போடட்டுமா கண்ணு?"

ஓவியா தலையாட்டினாள். அக்கா போனை எடுத்தார். புத்தக அலமாரிக்கு முன்னால் நிற்கவைத்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, ஒரு படம். முன்பல் ஒன்று பாதி வளர்ந்திருந்த சிரிப்பு. அழகான படம்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

'நம்ம ஓவியா குட்டி சேமிப்புல ஃபர்ஸ்ட்! எல்லாரும் வாழ்த்துங்க' என்று எழுதி அனுப்பிவிட்டார். சான்றிதழில் வருமானம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, வங்கியின் பெயரும் பிள்ளையின் பெயரும்தான் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாராம். ஆனால் ஓவியாவின் மணிக்கட்டில் நீலப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கைதட்டல்கள் வந்தன. நாங்கள் காரில் ஏறும்போது அக்கா சிவப்பு விளக்கு வந்த இடத்திலெல்லாம் போனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மாளவிகா எழுதினார்: 'ஓ, இது அந்த லோ-இன்கம் புரோகிராம்தானே? சோ ப்ரவுட் ஆஃப் தெம்! கஷ்டத்திலும் சேமிக்கிறாங்க!' அதன் பிறகு யாரும் கைதட்டவில்லை. சற்று நேரம் கழித்து ஒருவர், 'நம்ம சபரியா? சொல்லவே இல்லையே' என்றார். இன்னொருவர், 'தனியா ஒரு சின்ன கலெக்‌ஷன் பண்ணலாமா? பேர் வெளில வராம' என்று அதே குழுவில், சபரிநாதனும் இருக்கிற குழுவில், கேட்டார்.

அக்கா காரை ஒரு பெட்ரோல் பங்கு ஓரமாக நிறுத்தினார். போட்ட படத்தை அழித்தார். அழித்து என்ன? அவர் போட்டதுதான் போனது. கீழே வந்த பதில்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"சாமி, என்ன பண்ணித் தொலைச்சேன்," என்றார். "நான் அந்தப் பைய பாக்கவே இல்லியே கண்ணு. புள்ள மூஞ்சியத்தான பாத்தேன்."

அடுத்த நாள் கயல் வீட்டு வாசலில் ஒரு இருபது பவுண்டு பொன்னி அரிசிப் பை இருந்ததாம். இரண்டு நாளில் பழைய குளிர் ஜாக்கெட்டுகள் அடங்கிய ஒரு பெரிய பை, துவைத்து மடித்து. யார் வைத்தார்கள் என்று தெரியாது. எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் அந்த வீட்டை அதிகமாக வதைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளி விடுகிற நேரத்தில் சபரிநாதன் அதுவரை வந்ததே இல்லை. அந்த வாரம் வந்தார். நல்ல உயரம், இஸ்திரி போட்ட சட்டை. கிடங்கில் வேலை பார்க்கிறவர் என்று யாரும் சொல்ல முடியாதபடி உடுத்தியிருந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்த அக்காவிடம் நேராகப் போனார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானே புஷ்பவல்லி அக்கா?"

"ஆமாங் தம்பி. உங்கள நானே வந்து பாக்கலாம்னுதான்..."

"என் பொண்ணு படத்த யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"தப்புதானுங். பெரிய தப்பு. புள்ள ஆசையா நின்னுதுங்..."

"எங்கூட வேலை பாத்தவன் சிகாகோலேர்ந்து போன் பண்றான். 'மச்சி, ஏதாச்சும் வேணும்னா கூச்சப்படாம கேளு'ங்கறான். நான் கையேந்தி நிக்கறேன்னு ஊருக்கே பத்திரிகை வச்சுக் கூப்பிட்டுட்டீங்களே."

"தம்பி, அந்தக் கணக்குல என்னங் கையேந்தறது? கயலுதான் யோசிச்சு யோசிச்சு கையெழுத்துப் போட்டுச்சுங். நீங்களும் சரின்னு..."

அவர் முகம் மாறியது. "எனக்கு அந்த போஸ்டப் பாத்துதான் தெரியும்," என்றார். "இப்படி ஒரு அக்கவுண்ட் இருக்கறதே."

அக்கா வாயை மூடிக்கொண்டார். அவர் அப்படிச் சட்டென்று மூடிக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கே கயல் போய் அதை க்ளோஸ் பண்ணுவா. நாளையிலேர்ந்து ஸ்கூல்ல குடுக்கற ஃபிரீ லஞ்சும் வேண்டாம், வீட்லேர்ந்து வரும். என் பொண்ணு பக்கம் நீங்க வராதீங்க."

ஓவியா அவருக்குப் பின்னால் நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அப்போதே முதல்வர் அறைக்குப் போய்த் தானே எல்லாவற்றையும் சொன்னார். வேலை போகவில்லை. ஒரு எச்சரிக்கை. நூலக மேசைக்கு இனி அவர் வரக் கூடாது. அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். காரில் திரும்பும்போது இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவருக்கே தெரிந்திருந்தது. "நீயே உக்காரு. உனக்குப் பேச வராது. அதான் நல்லது," என்றார்.

மறுநாள் மழை தூறியது. நாங்கள் வேலை முடிந்து ஸ்கடர்ஸ் மில் சாலையில் வந்துகொண்டிருந்தோம். ஓரத்தில் நடைபாதை இல்லாத ஒரு இடத்தில், புல் மேட்டில், ஒரு குடைக்குள் கயலும் ஓவியாவும் நடந்து போவது தெரிந்தது. அந்தச் சாலையில் யாரும் நடப்பதில்லை. இருந்த ஒரே காரைச் சபரிநாதன் கிடங்குக்கு எடுத்துப் போயிருப்பார். அக்கா வண்டியை ஒதுக்கி, கண்ணாடியை இறக்கினார்.

"கயலு, ஏறு."

"வேண்டாம்க்கா. பக்கத்துலதான்."

"பக்கத்துல இல்ல, எனக்குத் தெரியும். என்னத் திட்டறதுன்னா உள்ள உக்காந்து திட்டு. புள்ள நனையுது பாரு."

நான் பின்சீட்டுக்கு மாற, கயல் முன்னால் ஏறினார். ஓவியா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஜாக்கிரதையா இருந்திருப்பேன் கண்ணு," என்று அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "தம்பிக்குத் தெரியாதுன்னு."

"வெளில தெரிய வேண்டாம்னு சொன்னேன்ல? அது போதாதா?" கயல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு விருதுநகர்க்கா. எங்க வீட்ல எனக்குன்னு ஒரு கணக்கு இருந்ததே கெடையாது. இங்க வந்தும் எல்லாம் அவர் பேர்லதான். வேலை போனப்ப அவ காலேஜுக்குன்னு வச்சிருந்தது மொத்தமும் வாடகைக்குப் போச்சு. அவர் மேல தப்பு சொல்லல. வேற வழியில்ல. அதான் இது ஒண்ணாவது யார் கையும் படாம அவ பேர்ல இருக்கட்டும்னு போட்டேன்."

"இப்ப மூடறதுக்கா போற?"

"மூடலேன்னா வீட்ல இருக்க முடியுமா? ரெண்டு நாளா அவர் சாப்பிடல. மூலையில வச்ச அரிசி மூட்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

வங்கியில் டெனிஸ்தான் இருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கும் தெரியவில்லை. கயல் ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னார். டெனிஸ் மேசைக்கு எதிரே உட்காரவைத்து விளக்கினார். கணக்கில் பிள்ளையோடு சேர்ந்து பெயர் உள்ள பெரியவர் கயல் மட்டும்தான், அவர் ஒருவரால்தான் மூட முடியும். மூடினால் ஓவியா போட்டதைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வங்கி போட்ட முதல் தொகை திரும்பிப் போய்விடும். அடுத்த வருடக் கடைசியில் வரவேண்டியதும் வராது. திரும்பத் திட்டத்தில் சேர முடியாது.

"ஆர் யூ ஷ்யூர்?" என்று டெனிஸ் கேட்டார்.

கயல் பேனாவை எடுத்தார். ஓவியா அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அம்மா எந்த இடத்தில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

"ஒரு நிமிஷம்," என்று கயல் தமிழிலேயே டெனிஸிடம் சொல்லிவிட்டு, பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "மாசா மாசம் இவளுக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் தபால்ல வருது. இதுவரைக்கும் நான் முன்னாடியே எடுத்து ஒளிச்சேன், இனிமே அவர் கண்ல படும். மத்தபடி அவருக்குத் தெரிய வழியில்ல. உங்க அட்ரஸ் குடுங்க."

"எதுக்குக் கண்ணு?"

"அங்க வரட்டும். மூடியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

அக்கா நாற்காலியில் பின்னுக்குப் போனார். "என்கிட்டயா? என் வாயப் பத்தி ஊருக்கே தெரியும். அதப் பாத்துட்டுத்தான இப்ப இங்க உக்காந்திருக்கற?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். கெடுத்தது நீங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்கிற மாதிரித் தலையை அசைத்தேன். அவர் டெனிஸிடம் தன் வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது கயல் பின்னால் ஓவியாவோடு உட்கார்ந்தார். "அப்பா கேட்டா க்ளோஸ் பண்ணியாச்சுன்னு சொல்லணும்டா, சரியா?"

"பட் வி டிட்ன்ட்."

"தெரியும். அப்படித்தான் சொல்லணும்."

"ஃபார் ஹவ் லாங்?"

கயல் அவள் ஈரத் தலையைத் துப்பட்டாவால் துடைத்தார். அவர்களை வீட்டில் இறக்காமல், ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொன்னார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் இறங்கியதும் அக்காவிடம் சொன்னேன். "அந்த மனுஷன்கிட்ட உக்காந்து பேசியிருக்கலாம். கொழந்தையப் பொய் சொல்ல வைக்கறீங்க."

"உனக்கென்ன கண்ணு. மனசு சரியில்லேன்னா நாளைக்கே டிக்கெட் போட்டு வேற தேசம் போயிருவ. அவ அங்கயே இருக்கோணும். அதே வீட்ல, அதே ஆளோட." வண்டியைத் திருப்பிக்கொண்டே, "பேசலாம்னுதான் எனக்கும் இருந்துச்சு. என் பேச்சு இப்ப எங்க எடுபடும்?" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா மாறிப்போனார். இதைச் சொன்னால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். காரில் வானொலி போட ஆரம்பித்தார். குழுவில் யாருக்கும் கைதட்டுவதில்லை. ஒரு சின்னச் செய்தியைச் சொல்ல வாயெடுத்தாலும், அதன் பின்னாலேயே இந்தப் பெரிய செய்தியும் வந்துவிடுமோ என்று பயந்தார் போல. முதல் உறை வந்த அன்று கிட்டுசாமிதான் தபால் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார்.

"யாரு இந்த ஓவியா? நம்ம வீட்டுக்கு ஏன் பேங்க்குலேர்ந்து வருது?"

"ஸ்கூல் சமாச்சாரமுங்."

"என்ன சமாச்சாரம்?"

"அது சொல்லக் கூடாதுங்."

கிட்டுசாமி நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாராம். இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு வருத்தம். இத்தனை வருடத்தில் மனைவி தன்னிடம் எதையும் மறைத்ததில்லை. "முப்பது வருசம் நிறுத்துடி நிறுத்துடின்னு சொன்னேன், நிறுத்தல. இப்ப நிறுத்திட்டா, எனக்கு வீட்ல இருக்கவே புடிக்கல," என்று என் அண்ணனிடம் சொன்னார்.

கயல் மடித்த நோட்டுகளை எப்போதாவது அபார்ட்மெண்ட் சலவை அறையில் அக்காவிடம் கொடுப்பார். பேசிக்கொள்ள மாட்டார்கள். அக்கா சனிக்கிழமை வங்கிக்குப் போய்ப் போட்டுவிடுவார். தன் கையிலிருந்து கொஞ்சம் சேர்த்துப் போடவா என்று ஒருமுறை கேட்டதற்கு, "அதுக்கு அந்த அரிசி மூட்டையே வச்சிருப்பேனே," என்றாராம் கயல். அந்த அரிசியைப் பிரிக்காமலே கோயில் சமையலறைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

பள்ளியில் ஓவியா இப்போது வீட்டு டப்பாவோடு வந்தாள். பெரும்பாலும் இரண்டு இட்லி, ஓரத்தில் பொடி. தட்டு வாங்குகிற வரிசையில் நின்றிருந்தால் பழமும் பாலும் கூடக் கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் கையிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதி. அக்கா அந்த மேசைப் பக்கம் துடைக்கப் போவதைக் குறைத்துக்கொண்டார். வியாழக்கிழமை நூலகத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போது ஓவியா கதவைத் தாண்டிப் போவாள். உள்ளே பார்க்க மாட்டாள். டெனிஸும் அவளைக் கூப்பிட மாட்டார். அவள் கணக்கில் பணம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் வாய்க்குள் படித்துப் பார்க்கிற சீட்டை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சனிக்கிழமை அக்காவோடு இந்தியன் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். கறிவேப்பிலை இருக்கும் இடத்தில் சபரிநாதன் எதிரே வந்தார். தள்ளுவண்டியின் கம்பியில் ஓவியா ஒரு காலை வைத்து ஏறி நின்றிருந்தாள். அக்கா திரும்பிவிடப் பார்த்தார். முடியவில்லை.

"அக்கா," என்று அவரே கூப்பிட்டார். இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் பழைய இறுக்கம் இல்லை. "ஒரு நிமிஷம். அன்னிக்கு நான் ரொம்பப் பேசிட்டேன். வயசுல பெரியவங்க. மன்னிச்சுக்கங்க."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாமுங் தம்பி. தப்பு என்னோடதுங்."

"இல்லக்கா. மழையில நீங்கதான் அவங்கள பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களாம். கூடவே இருந்து முடிச்சுக் குடுத்தீங்கன்னு கயல் சொன்னா. வேற யாரா இருந்தாலும் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க." சிரிக்க முயன்றார். "இப்ப ஒரு கம்பெனில பேசிட்டிருக்கேன். காண்ட்ராக்ட்தான். வந்துச்சுன்னா நானே இவ பேர்ல ஒண்ணு ஓப்பன் பண்ணிடுவேன். யார்கிட்டயும் வாங்காம. அது மூடியாச்சுல்ல, ஒண்ணும் பாக்கி இல்லையே?"

அக்காவின் கையில் கறிவேப்பிலைக் கட்டு. அதன் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லீங். மூடியாச்சுங்," என்றார்.

சொல்லிவிட்டு ஓவியாவைப் பார்த்து முழித்தார். சபரிநாதன் சற்றுக் கூர்ந்து பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்போது ஓவியா வண்டியிலிருந்து இறங்கி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"யா அப்பா, ஐ டோல்ட் யூ. டெனிஸ் கேவ் மீ அ லாலிபாப். அ கிரீன் ஒன். அண்ட் ஷி செட் பை."

"சொன்ன, சொன்ன," என்று அவர் அவள் தலையைத் தடவினார். போகும்போது எங்கள் இருவருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார். அவள் திரும்பிப் பார்த்து அக்காவுக்கு லேசாகக் கையசைத்தாள்.

வங்கியில் அன்று டெனிஸ் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

அக்கா வாங்க வந்த எதையும் வாங்கவில்லை. கறிவேப்பிலையை வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. "பச்சை கலருன்னு எப்புடிச் சொல்லுது பாத்தியா," என்றார். "நான் முழிச்சதப் பாத்துட்டு, என்னக் காப்பாத்தப் பொய் சொல்லுதுடி அந்தப் புள்ள."

பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கடைக்குள் சபரிநாதன் பில் போடுகிற வரிசையில் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அக்கா கதவு வரை போனார். ஒரு ஆள் உள்ளே போக வழி கேட்டதும் ஒதுங்கி நின்றார். அந்த ஆள் போன பின்னும் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

"இப்பச் சொன்னா அந்தக் கணக்க நெசமாவே மூடச் சொல்லிருவாரு," என்றார். "அஞ்சாவது முடிய இன்னும் ஒரு வருசம் இருக்குது கண்ணு."

காரை எடுத்தார். வீடு வரும்வரை வானொலிகூடப் போடவில்லை.